டெட்ரொய்ட்டுக்குப் போகலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கணவருக்கு அமெரிக்காவில், மிச்சிக்கன் மாநிலத்து டெட்ரொய்ட்டில் கார்ப் பாகம் செய்யும் கம்பனியில் வேலை. மகளுக்கு ஆறு வயது. ரொறன்ரோவில் இருக்கிற மாமி, "அந்த ஊருக்கே போறீங்கள், பட்டப்பகலில சுடுவாங்களாம்" என்று ஒவ்வொரு நாளும் போன் எடுத்து அழுகிறா. இன்னொரு பக்கம், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட் வாங்குகிற காசுக்கு அங்கே மாடி வீடே வாங்கலாம் என்று கணவர் படம் காட்டுகிறார். ஏழைச் சனம் நிறைய இருக்கிற ஊரில் பிள்ளையை வளர்க்கலாமா, எந்தப் பக்கம் இருந்தால் பயமில்லை என்று கேட்டிருக்கிறீங்கள்.

நான் 2008இல் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருந்து அங்கே போனவள். முதல் ஐந்து வருடம் டெட்ரொய்ட்டின் கிழக்குப் பக்கம் வாடகை வீடு, அதன் பிறகு இன்றுவரை டெட்ரொய்ட்டுக்கு நடுவில் இருக்கிற ஹம்ட்ராமிக் என்ற சின்ன ஊர். இப்போது அம்மாவைப் பார்க்க வந்து நிற்கிறேன். இதை எழுதும்போது இரவு பத்தரை. கீழே ஒழுங்கையில் கொத்து ரொட்டிக் கடையின் தகரச் சத்தம் இன்னும் ஓயவில்லை. மூன்று பொடியன்மார் ஓட்டோவில் சாய்ந்துகொண்டு கதைக்கிறார்கள். எதிர் வீட்டு ஆச்சி படியடியில் கதிரை போட்டு, போகிற வருகிற எல்லாரையும் பார்த்தபடி இருக்கிறா. இந்த நெருக்கத்துக்குள் வளர்ந்த எனக்கு அங்கே போய் ஒரு வருடம் ஆகியும் விளங்காமல் இருந்தது அந்த ஊரின் அமைதிதான்.

கணக்கைப் பாருங்கள். கொழும்பு மாநகரசபை எல்லை 37 சதுர கிலோமீற்றர். 2012 குடிசன மதிப்பீட்டில் அதற்குள் 5 லட்சத்து 61 ஆயிரம் பேர். டெட்ரொய்ட்டில் 2020இல் 6 லட்சத்து 39 ஆயிரம் பேர். கிட்டத்தட்ட எங்கள் அளவு சனம்தான், ஆனால் நிலம் 360 சதுர கிலோமீற்றர். 1950இல் அதே நிலத்தில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். போனவர்கள் வீடுகளைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. கடை, பள்ளிக்கூடம், தேவாலயம், தெரு லைட் எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன, அவற்றைப் பராமரிக்க வரி கட்டுகிறவர்கள்தான் இல்லாமல் போனார்கள்.

ஏன் போனார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள், அப்போதுதான் அங்கே இருக்கிறவர்களைப் பிழையாக நினைக்க மாட்டீங்கள். ஃபக்ட்ரிகள் நகருக்கு வெளியேயும் வேறு மாநிலங்களுக்கும் போகத் தொடங்கின. பக்கார்ட் கார் ஃபக்ட்ரி 1956இலேயே கார் செய்வதை நிறுத்தியது. அந்தக் கட்டடத்தை முழுசாக இடித்து அகற்றத் தொடங்கியதோ 2022இல்தான். எங்கள் முதல் வீட்டில் இருந்து பஸ்ஸில் போகும்போது கண்ணாடி இல்லாத அந்த யன்னல்கள் முடியவே முடியாது. வெள்ளையர்கள் வேலையின் பின்னாலேயே புறநகருக்குப் போக முடிந்தது. கறுப்பின மக்களுக்கு அங்கே வீடு விற்கவும் மாட்டார்கள், வங்கி கடன் கொடுக்கவும் மாட்டாது. நகரின் வடக்கு எல்லையான 8 மைல் ரோட் பக்கம் 1941இல் கறுப்பினக் குடியிருப்பைப் பிரிப்பதற்கென்றே கட்டிய ஆறு அடி மதில் இன்றைக்கும் நிற்கிறது, அதில் இப்போது பிள்ளைகளின் படங்கள் வரைந்திருக்கிறார்கள். பிறகு 1967 ஜூலை 23. விடியற்புறம் பொலிஸ் ஒரு குடிக்கிற இடத்தைச் சுற்றிவளைத்ததில் தொடங்கி, ஐந்து நாள் ஊர் எரிந்து 43 பேர் செத்தார்கள்.

ஜூலை 23 என்றதும் உங்களுக்கும் நெஞ்சுக்குள் ஏதோ செய்திருக்கும். பதினாறு வருடம் கழித்து, 1983இல், தமிழருக்கு எதிரான கலவரம் எங்களுக்கும் அதே நாளில் தொடங்கி, அடுத்த நாள் கொழும்பு எரிந்தது. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. எரிந்த கடைக்குத் திரும்பி வராமல் ஒரு தலைமுறையே எப்படிப் புறப்பட்டுப் போகும், மிஞ்சினவர்கள் அந்த வெறும் காணிக்குப் பக்கத்தில் எப்படிச் சீவிப்பார்கள் என்பதை அமெரிக்காக்காரனை விட எங்களால் விளங்கிக்கொள்ள முடியும், அவ்வளவுதான்.

எங்கள் முதல் தெருவைச் சொல்கிறேன். எங்கள் துண்டில் பதினான்கு வீடு இருந்திருக்க வேண்டும். நாங்கள் போனபோது ஆள் இருந்தது ஆறில். நாலு இடம் புல் வளர்ந்த வெறும் காணி, மூன்று வீட்டுக்குப் பலகை அடித்திருந்தது, ஒன்று பாதி எரிந்தபடி. பக்கத்து வீட்டில் ஒரு கறுப்பின அம்மா, ஃபக்ட்ரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவ. கோடையில் சனிக்கிழமை காலமை தன்னுடைய புல்லை வெட்டி முடித்து, மெஷினைத் தள்ளிக்கொண்டு போய் யாரோ விட்டுவிட்டுப் போன பக்கத்துக் காணியையும் வெட்டுவா. தன் பழைய காரை எதிர்ப்புறம் ஆளில்லாத வீட்டு வாசலில்தான் நிறுத்துவா. ஏன் என்று கேட்டேன். உள்ளே ஆள் இருக்கு என்று நினைத்தால் செப்புக் குழாய் பிடுங்குகிறவன் வரமாட்டான், வீட்டுக்கு நெருப்பு வைக்க மாட்டான், அந்த வீடு எரிந்தால் அடுத்தது என்னுடையது என்றா. பனி கொட்டினால் நாங்கள் எழும்ப முதல் எங்கள் வாசல் நடைபாதையும் வழித்துக் கிடக்கும். அறுபத்தெட்டு வயது அப்போது. நான் வெட்கப்பட்டு, அடுத்த பனிக்கு ஐந்து மணிக்கே எழும்பி அவவின் வாசலை வழித்தேன். அன்றைக்குத்தான் என்னை முதன்முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டா.

கறுப்பின மக்களை நம்மவர்கள் வீட்டுக்குள் ஒரு கெட்ட சொல்லால் குறிப்பிடுவார்கள், மாமியின் வாயிலும் வரலாம். அதை மகளின் காதில் விழ விடாதீங்கள். கொழும்பில் "தோட்டத்துச் சனம்" என்று மூக்கைச் சுளிக்கிற அதே தொனிதான் அது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம், அதாவது ஏழைகள் நெருங்கி வாழ்கிற சேரி வீடுகள். ஒரு பைப்புக்கு நாற்பது குடும்பம். அதற்குள் போகாதே என்றுதான் எங்களை வளர்த்தார்கள். 83இல் தமிழர் வீடுகளைத் தேடி, கையில் வாக்காளர் பட்டியலோடு ஆட்கள் வருகிறார்கள் என்று ஓடி வந்து அம்மாவுக்குச் சொன்னது அந்தத் தோட்டத்தில் இருந்து வந்த ஒரு சிங்கள மனிசிதான். எங்கள் வாசலை ஒவ்வொரு நாளும் பார்த்தபடி இருந்தவ.

சரி, மாமி சொல்வதில் உண்மையே இல்லையா? இருக்கு. நாங்கள் இருந்த காலம் மோசமான காலம். 2013 ஜூலையில் நகரமே வங்குரோத்து அறிவித்தது, கடன் 1800 கோடி டொலர் அளவில். தெரு லைட்டில் நூற்றுக்கு நாற்பது எரியாது. அவசர அழைப்புக்குப் பொலிஸ் வந்து சேரச் சராசரி 58 நிமிடம் என்று அந்த வருடம் நகர நிர்வாகமே ஒப்புக்கொண்டது. பெற்றோல் நிலையத்தில் பால் வாங்கப் போனால் காசாளர் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பார். காசைச் சுழல்கிற பெட்டிக்குள் வைத்தால் அது சுழன்று பால் வரும். பிள்ளைக்குப் பால் வாங்க இப்படியொரு கூட்டுக்கு முன்னால் நிற்கிறேனே என்று முதல் நாள் கண் கலங்கிவிட்டது. எங்கள் கார்க் கண்ணாடியை ஒருதரம் உடைத்தார்கள், பின் சீற்றில் வைத்த ஒரு வெறும் பைக்காக. துவக்குச் சத்தமும் கேட்டிருக்கிறேன், பொய் சொல்லமாட்டேன்.

அந்தக் காலத்தில் இருந்து ஊர் நல்லாக மாறியிருக்கு. 2012இல் 386 கொலை. 2024இல் 203, 1965க்குப் பிறகு அதுவரை ஆகக் குறைவு. 2016 முடியும்போது 65,000 புது லைட் போட்டு முடித்தார்கள். 2023இல், 1957க்குப் பிறகு முதல் தடவையாக, சனத்தொகை கொஞ்சம் கூடியது. கொழும்போடு பார்த்தால் 203 இன்னும் பயங்கரமான எண்தான். ஆனால் அது ஊர் முழுக்கச் சமமாகப் பரந்து கிடப்பதில்லை. சில மூலைகளில் குவிந்திருக்கும், அதிலும் பெரும்பாலும் ஒருவரையொருவர் தெரிந்த ஆட்களுக்குள்ளே. அதிலே கூடச் சாகிறது அந்தத் தெருக்களின் ஏழைப் பிள்ளைகள்தான், வந்து குடியேறுகிற எஞ்சினியர் குடும்பம் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் தாங்குவதில்லை.

அதனால் எந்தப் பக்கம் பயமில்லை என்று ஊரைத் துண்டு போட்டுச் சொல்ல என்னால் முடியாது. ஒரு தெரு நல்லாக இருக்கும், அடுத்த தெருவில் பாதி வெறுமை. வீடு பார்க்கப் போகிறவர் பின்னேரம் ஆறு மணிக்குப் போகவேணும், ஏஜென்ட் கூப்பிடுகிற காலமை பதினொரு மணிக்கு இல்லை. முன்விறாந்தையில் ஆட்கள் இருக்கிறார்களா, எத்தனை வீட்டில் லைட் எரிகிறது, பனிக்காலம் என்றால் நடைபாதை வழித்திருக்கா, யாருமில்லாத காணியின் புல்லை யாராவது வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஏழைத் தெருவாக இருக்கட்டும், அதில் பார்த்துக்கொண்டிருக்கிற கண் இருந்தால் பிள்ளை சைக்கிள் ஓடலாம். கறல் பிடித்த படலையைப் பார்த்துப் பயப்படவேண்டாம். யாருமே வெளியே வராத ஒரு கிலோமீற்றரில் தனித்து நிற்கிற அழகான வீட்டுக்குப் பயப்படுங்கள்.

ஹம்ட்ராமிக்கை நான் விரும்புவது அதனால்தான். டெட்ரொய்ட்டுக்கு நடுவில் ஐந்தரை சதுர கிலோமீற்றர் உள்ள தனி மாநகரம், 28,000 பேர், மிச்சிக்கனிலேயே ஆக நெருக்கமான ஊர். டொட்ஜ் ஃபக்ட்ரிக்கு வந்த போலந்துக்காரர் கட்டியது. அந்த ஃபக்ட்ரி 1980இல் மூடிப்போனது. அதோடு இதுவும் வெறிச்சிருக்க வேண்டும். பங்களாதேசிகளும் யேமனியரும் வந்து நிரப்பினார்கள். பணக்கார ஊர் இல்லை, குப்பை எடுக்கிறது பிந்தும், வீடு பழசு. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு கொனன்ட் தெருவில் கருவாடும் கங்குன் கீரையும் வாங்கிக்கொண்டு பொம்பிளைகள் பிள்ளைகளோடு நடந்து வருவார்கள். கொட்டாஞ்சேனையில் பிறந்தவளுக்கு அந்தக் காட்சி போதும்.

நம்மவர்கள் பெரும்பாலும் ட்ரோய், நோவை, கன்ரன் என்ற புறநகர்ப் பக்கம்தான் இருக்கிறார்கள், பள்ளிக்கூடத்துக்காக. ஆறு வயதுப் பிள்ளையோடு நீங்கள் அங்கே போனாலும் குறை சொல்ல மாட்டேன். கோயில் என்றால் பக்கத்து ஊரான பொன்டியக்கில் பராசக்தி அம்மன் இருக்கிறா, அதுவும் கார் ஃபக்ட்ரி மூடி அடிபட்ட ஊர்தான். ரொறன்ரோவின் ஸ்கார்பரோ நாலு மணித்தியாலக் கார்ப் பயணம். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா வேறாக எடுக்கவேணும், மறக்காதீங்கள்.

வீடு வாங்கும் யோசனையைக் கணவர் ஒரு வருடம் தள்ளிப்போடட்டும். மலிவு வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கு என்று பாருங்கள். மூன்று வருடம் ஆதன வரி கட்டாத வீட்டை, டெட்ரொய்ட் அடங்குகிற மாவட்டமான வேய்ன் கவுன்ரி எடுத்து ஏலம் விடும், 500 டொலரில் கேள்வி தொடங்கிய வீடுகளும் உண்டு. அப்படி எடுத்தவர்கள் பூச்சு அடித்து இணையத்தில் வெளிநாட்டுக்காரருக்கு விற்கிறார்கள். உள்ளே கொதிகலன் இருக்காது, குழாய் இருக்காது, சில வேளை ஒரு ஏழைக் குடும்பம் இருக்கும், நீங்கள் வாங்கியது அவர்களுடைய வீடாக இருக்கும். வாடகைக்கு எடுத்தாலும், வீடு குடியிருக்கத் தகுந்தது என்கிற மாநகரசபையின் இணக்கச் சான்றிதழைக் கேளுங்கள். 1978க்கு முந்திய வீடுகளின் பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம், உதிர்கிற துண்டும் தூசும் மகளின் மூளையைப் பாதிக்கும். போனவுடன் டொக்டரிடம் சொல்லி இரத்தத்தில் ஈயம் பார்க்கவேணும். துவக்கை விட நான் உங்கள் பிள்ளைக்குப் பயப்படுவது இதற்குத்தான். கார்க் காப்புறுதியும் இருக்கிற இடத்தைப் பொறுத்து மாறும், டெட்ரொய்ட் விலாசத்துக்குக் கூடத்தான் வரும். வாடகை பேச முதல் அதையும் கேட்டுக் கூட்டிப் பாருங்கள்.

பொலிஸ் பற்றி ஒன்று. 2007 ஜூன் 7 எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, கொழும்பு லொட்ஜ்களில் இருந்து 376 தமிழரைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி ஊரை விட்டு அனுப்பிய நாள். அந்தப் பயத்தோடு வளர்ந்தவர்கள் பொலிஸைக் கண்டதும் பவ்வியமாகக் காரை விட்டு இறங்கிப் போவோம். அங்கே அப்படி இறங்கவே கூடாது. நிறுத்தச் சொன்னால் ஓரம் கட்டி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு, கேட்கும்வரை ஒன்றையும் எடுக்காமல் இருங்கள். கணவருக்கு இதை விமானம் ஏற முதல் சொல்லி வையுங்கள்.

நான் வருகிற புதன் திரும்புகிறேன். நீங்கள் படம் அனுப்பிய இரண்டு வீட்டின் விலாசத்தையும் போடுங்கள். வேலை நாளில் ஒன்று, ஞாயிறில் ஒன்று என்று இரண்டு பின்னேரம் அந்தத் தெருவில் போய் நின்று பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, இங்கே ஆறு வயதுப் பிள்ளையோடு ஒரு குடும்பம் வரப்போகிறது என்று சொல்லி, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைக் கேட்டு எழுதுகிறேன்.