கோஸ்ட் ரைட்டர் என்பவர் யார்? அவரோடு எப்படி வேலை செய்வது?

உங்கள் வாழ்க்கையையோ நிறுவனத்தின் வரலாற்றையோ உங்கள் பெயரில் வெளிவரும்படி எழுதித் தருபவர்தான் கோஸ்ட் ரைட்டர். தையல்காரர் மாதிரி: துணியும் அளவும் உங்களுடையவை, தையல் அவருடையது. துணி குறைந்தால் சட்டை குட்டைதான்.

அந்தத் துணி உங்கள் பேச்சு. 200 பக்கப் புத்தகத்துக்கு 20 மணி நேரமாவது பேச வேண்டியிருக்கும். ஒரே மூச்சில் அல்ல, ஒன்றரை மணி நேர அமர்வுகளாக. தேதிகளுக்கு நினைவை நம்பாதீர்கள். பழைய கடிதம், பத்திரம், பேரேடு, புகைப்படம் எல்லாம் கையில் இருக்கட்டும். முதலில் ஒரே ஒரு அத்தியாயம் எழுதி வாங்கி, சத்தமாகப் படித்துப் பாருங்கள். உங்கள் குரல் கேட்காவிட்டால் அப்போதே சொல்லிவிடலாம். முழுப் புத்தகமும் முடிந்தபின் சொன்னால் திரும்ப எழுதுவதற்குச் சமம். நிறுவன வரலாறு பெரும்பாலும் கெடுவது வேறு இடத்தில்: நாலு பங்குதாரர்கள் நாலு விதமாகத் திருத்துவார்கள் (தாத்தா கடை தொடங்கிய ஆண்டிலேயே சண்டை வரும்). இறுதி முடிவு ஒருவரிடம் இருப்பது நல்லது.

பணம் கொடுத்ததால் எழுத்து தானாகவே தங்களுடையதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, சம்பள ஊழியராக இல்லாத எழுத்தாளர்தான் முதல் உரிமையாளர், அவர் எழுத்து மூலம் மாற்றித் தந்தால்தான் உரிமை உங்களுக்கு வரும், அதிலும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே.