பழைய டெஸ்க்டாப்பில் ரேம் கூட்டினால் வேகம் கூடுமா?

பெரும்பாலும் கூடும், ரேம் பற்றாமல் இருந்தால். ரேம் என்பது கணினி இந்த நிமிடம் செய்யும் வேலையை வைத்திருக்கும் இடம். மின்சாரம் போனால் அதில் இருப்பதும் போய்விடும்.

செங்கோட்டையில் ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரின் மேசைதான் ரேம், பின்கட்டு குடோன் ஹார்ட் டிஸ்க். ஆரியங்காவிலிருந்து வந்தவர் மட்டை அரிசி கேட்கிறார். மேசையில் இடமில்லை. இருக்கும் பருப்பைக் குடோனில் போட்டுவிட்டு அரிசியைத் தூக்கி வர வேண்டும். அடுத்தவர் பருப்பு கேட்டால் மறுபடி அதே நடை! ரேம் நிரம்பினால் விண்டோஸும் இப்படித்தான் ஹார்ட் டிஸ்க்குக்கும் ரேமுக்கும் அலைகிறது. ஹார்ட் டிஸ்க் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது, அதனால்தான் பிரவுசரில் நாலு டேப் திறந்ததும் திணறுகிறது.

வாங்கும் முன், கணினியில் என்ன ஓடுகிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மெமரி, அதாவது ரேம், எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். வழக்கமான வேலையிலேயே 90 சதவீதத்தைத் தொட்டால், 4 ஜிபியை 8 ஆக்கினால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். பாதிகூட நிரம்பவில்லையென்றால் காசைச் செலவழிக்காதீர்கள். அப்புறம், ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று வகைகள் உண்டு; டிடிஆர்3-க்கான மதர்போர்டில் டிடிஆர்4 பொருந்தாது. பழைய ரேமைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போவதே நல்லது.

ரேம் கூட்டினால் படம், வீடியோ சேமிக்க இடம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இடம் கூடுவதில்லை, அந்த இடம் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது.