சர்க்கரை பார்க்க மறுக்கும் பிள்ளைக்கு வீடியோ கேம் உதவுமா?

கேள்வி: என் 10 வயது மகனுக்கு முதல் வகை நீரிழிவு. விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்க்க விடாமல் தினமும் அழுகிறான். ஆனால் டேப்லெட்டில் விளையாட உட்கார்ந்தால் எழுவதேயில்லை. வீடியோ கேமைக் கொண்டே இதற்குப் பழக்கலாம் என்கிறார்கள். முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். 1990களில் அமெரிக்காவில் நீரிழிவுள்ள குழந்தைகளுக்காகவே ‘பாக்கி அண்ட் மார்லன்’ என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். முகாமுக்குப் போன இரண்டு யானைகள் எலிகளோடு போராடுவதுதான் ஆட்டம்; இடையிடையே யானையின் சர்க்கரையைப் பார்த்து, இன்சுலின் போட்டு, அளவறிந்து உண்ண வைக்காவிட்டால் ஆட்டக்காரர் தோற்றுவிடுவார். 8 முதல் 16 வயதுக்குட்பட்ட 59 பேரில் ஒரு பிரிவினருக்கு இதையும், மற்றவர்களுக்குப் பந்தைத் தட்டி ஆடும் சாதாரண ‘பின்பால்’ வீடியோ விளையாட்டையும் கொடுத்து ஆறு மாதம் கவனித்து, 1997இல் முடிவை வெளியிட்டார்கள். யானை ஆட்டம் ஆடியவர்கள் தங்களைக் கவனித்துக்கொள்வதில் முன்னேறினார்கள், நோயைப் பற்றிப் பெற்றோரிடம் கூடுதலாகப் பேசினார்கள். ஆனால் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. சிறிய ஆய்வுதான் என்றாலும், அந்தப் பேச்சையே நான் பெரிய பலனாகக் கருதுகிறேன். உங்கள் மகன் அழுவது ஊசி முனைக்காக மட்டும் இருக்காது. மற்ற பிள்ளைகளுக்கு இல்லாத ஒன்று தனக்கு மட்டும் ஏன் என்ற கேள்வியும் அந்த அழுகைக்குள் இருக்கும்.

ஆகவே, அவனுக்குப் பிடித்த விளையாட்டையே எடுத்துக்கொண்டு, பக்கத்தில் அமர்ந்து நீங்களும் ஆடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி (பழம் தொட்ட விரலில் ஒட்டியிருக்கும் இனிப்புகூட அளவைக் கூட்டிக் காட்டிவிடும்), விரல் நுனியின் நடுவில் குத்தாமல் வலி குறைவான பக்கவாட்டில் குத்தி, எண்ணை அவனே நோட்டில் எழுதிய பிறகு ஆட்டம் தொடங்கட்டும். ஒன்றை மட்டும் மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன்: பார்த்ததற்காகப் பாராட்டுங்கள், வந்த எண்ணுக்காக ஒருபோதும் பாராட்டவோ திட்டவோ வேண்டாம். 250 வந்த நாளில் டேப்லெட்டைப் பிடுங்கினால், அடுத்த வாரமே நோட்டில் பொய்யான எண்கள் ஏறத் தொடங்கும். அந்த எண்களை நம்பி இன்சுலின் அளவை மாற்றுவது ஆபத்து.

உட்கார்ந்து ஆடும் எந்த விளையாட்டும் உடற்பயிற்சி ஆகாது. 5 வயது முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடலை அசைத்து ஆடும் விளையாட்டுகள் அதற்குத் துணையாகும், ஆனால் அவற்றால் சர்க்கரை இறங்கக்கூடும் என்பதால் ஆடும் முன்பும் பின்பும் பாருங்கள். ஆட்ட மும்முரத்தில், சர்க்கரை இறங்குவதைக் காட்டும் கை நடுக்கத்தையும் வியர்வையையும் பிள்ளை கவனிக்க மாட்டான். அளவு 70க்குக் கீழே இருந்தால் ஆட்டத்தை நிறுத்தி, மருத்துவர் சொல்லியுள்ள அளவு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் குத்திப் பாருங்கள்.