இரவில் செவிலியரின் தொலைபேசி ஆலோசனை போதுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உங்களுடன் வசிக்கும் தாயாருக்கு இரவில் காய்ச்சல் கண்டால், மருத்துவக் காப்புத் திட்டம் தரும் செவிலியர் ஆலோசனை எண்ணை அழைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் போதும், ஆனால் அந்தச் செவிலியர் நோய்க்குப் பெயர் சூட்டுபவர் அல்லர். வரையறுத்த கேள்விகளை வரிசையாகக் கேட்டு, உடனே மருத்துவமனைக்குப் போவதா, காலையில் மருத்துவரைப் பார்ப்பதா, வீட்டிலேயே கவனித்துக்கொள்வதா என்று முடிவு செய்ய அவர் உதவுகிறார். ஆகவே அழைப்பதற்கு முன் காய்ச்சலை அளந்து, அது எப்போது தொடங்கியது, பனடோ (பாராசிட்டமால் என்னும் காய்ச்சல் மருந்து) கொடுத்திருந்தால் எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்பவற்றைக் குறித்துக்கொண்டு, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் அவர் அன்றாடம் உட்கொள்ளும் மாத்திரை அட்டைகளையும் கையில் வைத்திருங்கள். முடிந்தவரை தாயாரே பேசட்டும். மூச்சு வாங்குவதைப் பயிற்சி பெற்ற காது குரலிலேயே ஓரளவு கண்டுகொள்ளும். நம் வீட்டுப் பெரியவர்கள் "ஒன்றுமில்லை" என்று மழுப்பக்கூடியவர்கள் என்பதால் நீங்களும் அருகிலிருங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் ஒருபக்கம் கோணுதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் செவிலியரை அழைத்து நேரத்தைக் கடத்தாமல், ஆம்புலன்ஸுக்கான 10177-ஐயோ கைப்பேசியிலிருந்து 112-ஐயோ அழையுங்கள். மாத்திரை மாறி உட்கொண்டுவிட்டார், ஆனால் நினைவு தெளிவாக இருக்கிறது என்றால், மேற்குக் கேப்பின் நச்சுத் தகவல் உதவி எண்ணான 0861 555 777 இரவிலும் இயங்குகிறது.