வீட்டுக்குள் எடுத்தால் குழந்தை மட்டும் கலங்குகிறதா? கேமரா பழுதில்லை

வணக்கம். வெளியில் எடுக்கும் படங்கள் பளிச்சென்று வருகின்றன, வீட்டுக்குள் மட்டும் குழந்தையின் கையும் முகமும் இழுபட்டதுபோல் கலங்குகின்றன, சின்ன கேமரா வாங்கியதே தவறோ என்று கேட்டிருந்தீர்கள். தவறே இல்லை. குழந்தைக்குப் பக்கத்தில் கிடக்கும் பொம்மை தெளிவாக இருக்கிறது என்கிறீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. குழந்தை அசைகிறது, ஷட்டர், அதாவது கேமராவுக்குள் வெளிச்சத்தை விடும் கதவு, மெதுவாக மூடுகிறது.

கேமராவில் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் வசதி உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், ஓடுகிற பிள்ளையை நிறுத்தாது. வெளிச்சம் குறைந்தால் ஆட்டோ மோடு ஷட்டர் வேகத்தை 1/30 நொடிக்குக்கூட இறக்கிவிடும். உங்களுக்கு வேண்டியது 1/250. டயலை எஸ் (S) அல்லது டிவி (Tv) என்று இருப்பதற்கு, அதாவது ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் மோடுக்கு, திருப்பி அந்த வேகத்தை வையுங்கள். ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனை, ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பை 3200 ஆக்குங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டும், இருக்கட்டும். புள்ளி விழுந்த சிரிப்பை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். கலங்கிய முகங்களை அழித்துவிட்டேன்.

அப்புறம், ஜூம் வேண்டாம், நீங்களே கிட்டப் போங்கள். பல சின்ன கேமராக்களில் ஜூம் செய்யச் செய்ய லென்ஸின் துளை சுருங்கும். துளையின் அளவைச் சொல்லும் எஃப் எண் கூடினால் துளை சின்னது என்று பொருள்; எஃப் 2 இலிருந்து எஃப் 4 ஆனால் வெளிச்சம் கால் பங்குதான் உள்ளே வரும். பகலில் ஜன்னலோரம் விளையாட விட்டால் பாதி வேலை முடிந்தது.

எஸ் மோடே இல்லாத மாடல் என்றால், சீன் மோடுகளில் விளையாட்டு என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். அதுவும் ஷட்டரை வேகப்படுத்தும்.