ஏஜெண்ட் தரும் 'பேக்கேஜ்' வீரர்களை வாங்கலாமா?

கேள்வி: எங்கள் கால்பந்து கிளப் கொல்லங்கோடு பக்கம், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் இருக்கிறது. இத்தனை வருடம் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம் ஆடினோம். வளைகுடாவில் இருக்கும் ஊர்ப் பையன்கள் பணம் போட்டதால், இந்த சீசனில் முதல்முறையாகச் சம்பளம் கொடுத்து, பதினொருவர் அணியாக மாநில லீக்கில் இறங்குகிறோம். கையில் 30 லட்சம் இருக்கிறது. ஒரு ஏஜெண்ட், மூன்று ஆப்பிரிக்க வீரர்களையும் முன்பு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) அணியில் இருந்த ஒரு ஸ்ட்ரைக்கரையும் சேர்த்து 14 லட்சத்துக்குத் தருகிறேன், இந்த வாரமே 5 லட்சம் முன்பணம் வேண்டும் என்கிறார். எங்கள் பையன்களில் பாதிப் பேர் பொழியூர், பூவாறு பக்கம் கேரள கிளப்புகளில் ஆடியவர்கள். என்ன செய்யலாம்?
- கிளப் செயலாளர்

பதில்: வாங்காதீர்கள். முன்பணமும் கொடுக்காதீர்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 30 லட்சத்தில் மைதானம், பஸ், சாப்பாடு, தங்குமிடம், மருத்துவச் செலவு, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து எப்படியும் 8 லட்சம் போய்விடும். மீதி 22. அதில் 14 லட்சத்தை நான்கு பேருக்குக் கொடுத்தால் மற்ற இருபது பேருக்கு 8 லட்சம்தான். ஆறு மாத சீசனுக்கு ஆளுக்கு மாதம் 6,600 ரூபாய் சொச்சம். கடலுக்குப் போனாலே அதைவிட அதிகம் சம்பாதிக்கும் பையன், இரண்டாவது மாதமே பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிடுவான். நீண்ட லீக்கில் அணிகள் சரிவது இந்த இடத்தில்தான். 12ஆவது ஆளிலிருந்து 20ஆவது ஆள் வரை யார் இருக்கிறார்கள் என்பதை யாரும் பார்ப்பதில்லை. காயம், மஞ்சள் அட்டை, காய்ச்சல் என்று ஒரே வாரத்தில் மூன்று பேர் வெளியே போனால் ஸ்ட்ரைக்கர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தும் பயன் இல்லை.

இன்னொன்று. உங்கள் பையன்கள் செவன்ஸில் வளர்ந்தவர்கள். சின்ன மைதானம், குறைந்த நேரம். பந்தை அடக்குவதும் ஷாட் அடிப்பதும் அவர்களுக்குக் கைவந்த கலை. 90 நிமிடம் இடம் பிடித்து நிற்பதும், ஆஃப்சைடு கோட்டை நால்வராகச் சேர்ந்து காப்பதும் பழக்கமில்லை. ஆக உங்கள் அணியில் ஓட்டை இருப்பது பின்னால். ஏஜெண்டோ முன்னால் ஆட ஆள் தருகிறார். கோல் அடிப்பவன்தானே விலை போவான்.

அதனால் 22 லட்சத்தை இப்படிப் பிரிக்கச் சொல்வேன். உரிமம் உள்ள கோச்சுக்கும் பிசியோவுக்கும் சேர்த்து 4 லட்சம். அனுபவமுள்ள கோல்கீப்பர், பின்வரிசையின் நடுவில் நின்று தடுக்கும் ஸ்டாப்பர், அவருக்கு முன்னால் நிற்கும் ஒரு மிட்ஃபீல்டர் என மூன்று பேருக்கு மாதம் 25,000 வீதம் 4.5 லட்சம். ஒரு மணி நேரப் பஸ் தூரத்துக்குள் இருக்கும் இருபது பையன்களுக்கு மாதம் 9,000 வீதம் 10.8 லட்சம். மிச்சம் இருக்கும் 2.7 லட்சத்தைத் தொடாதீர்கள். சீசன் நடுவில் யாராவது முட்டியை உடைத்துக்கொள்வார், அப்போது வேண்டும்.

வெளிநாட்டு வீரர்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோவையில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சி 2018-19இல் தேசிய அளவிலான ஐ-லீக்கை வென்றது, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம் எடுத்து. பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார். அவரும் அணியின் ஸ்பானிய வீரர்களும் ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களில் ஆடியவர்கள், பெரிய பெயர் எதுவும் கிடையாது. எந்த இடத்துக்கு யார் வேண்டும் என்று பார்த்து எடுக்கப்பட்டவர்கள். சுற்றிலும் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ, உங்கள் பக்கத்து இரவிபுத்தன்துறையின் மைக்கேல் ரெஜின் போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள் இருந்தார்கள். அந்தப் பையன்கள் இல்லாமல் மான்சியின் 21 கோல் வந்திருக்காது.

முதலில் நீங்கள் செய்ய வேண்டியது, இந்த சீசனுக்கான லீக் விதிப்புத்தகத்தை வாங்கிப் படிப்பது. வெளிநாட்டு வீரருக்கு இடமே இல்லாத லீக்குகள் உண்டு. கொல்கத்தா லீக்கின் பிரீமியர் டிவிஷனில் 2023 முதல் வெளிநாட்டவர் ஆட முடியாது. விதியில் இடம் இல்லை என்றால் உங்கள் 14 லட்சத்தில் மூன்று பேர் கேலரியில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்கள்.

இப்போது அந்த ஏஜெண்டைப் பற்றி. 2023இல் ஃபிஃபா விதியை மாற்றியது. தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கியவர்தான் ஏஜெண்ட். லைசென்ஸ் தனி மனிதருக்குத்தான், அவருடைய கம்பெனிக்கு அல்ல. பெயர் ஃபிஃபா இணையதளத்தில் இருக்கும், தேடினால் ஐந்து நிமிட வேலை. பெயர் இல்லை என்றால் பேச்சை அத்தோடு முடியுங்கள். "லைசென்ஸ் என் பார்ட்னர் பெயரில் இருக்கிறது" என்பார்கள். அப்படியானால் பார்ட்னரே நேரில் வந்து கையெழுத்துப் போடட்டும்.

"பையன் மஞ்சேரியில்தான் இருக்கான், நாளைக்கே வந்துடுவான்" என்பது அடுத்த பேச்சு. ஆள் கேரளாவில் இருப்பது வேறு, உங்கள் அணியில் பதிவாவது வேறு. செவன்ஸ் போட்டிகளை அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அங்கீகரிப்பதில்லை. அதில் ஆட வந்தவர் லீக்கில் ஆட வேண்டும் என்றால், அவருடைய நாட்டுச் சம்மேளனத்திலிருந்து ஐடிசி எனப்படும் மாற்றுச் சான்று வர வேண்டும். உங்கள் கிளப் பெயரில் ஒப்பந்தம் காட்டி எடுத்த வேலை விசா வேண்டும். சுற்றுலா விசாவில் வந்தவரைச் சம்பளத்துக்கு ஆடவிட்டால் போலீஸ் முதலில் தேடுவது கிளப் செயலாளரை, அதாவது உங்களை.

அப்புறம் 'கையில் கிடைக்கும் தொகை' என்ற வார்த்தை. இந்தியாவில் குடியிருப்பவராகக் கருதப்படாத வெளிநாட்டு விளையாட்டு வீரருக்குக் கொடுக்கும் பணத்தில் 20 சதவீதம் வரியும் அதன்மேல் செஸ்ஸும் பிடித்துக் கட்ட வேண்டும். ஏஜெண்ட் சொல்லும் 14 லட்சம் வரி போக என்றால், வரி உங்கள் தலையில்.

எல்லாவற்றையும்விட மோசமானது, நான்கு பேர் சம்பளத்தையும் தன் கணக்கில் போடச் சொல்வது. கேட்டால் "நானே பிரித்துக் கொடுத்துவிடுவேன்" என்பார். ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். சம்பளம் வீரரின் சொந்த வங்கிக் கணக்குக்கு மட்டும்தான் போக வேண்டும். இடையில் இருப்பவர் பணத்தை அமுக்கினால் வீரர் புகார் கொடுப்பது கிளப் மீதுதான், ஒப்பந்தம் கிளப்போடு அல்லவா? பழைய வெளிநாட்டு வீரரின் சம்பளப் பாக்கிக்காக 2021இல் கேரளா பிளாஸ்டர்ஸ், ஈஸ்ட் பெங்கால் இரண்டுக்குமே புதிய வீரர்களைப் பதிவு செய்ய ஃபிஃபா தடை போட்டது. அவர்களிடம் வக்கீல்கள் இருந்தார்கள், பணம் இருந்தது. உங்களிடம் ஊர் நன்கொடைதான் இருக்கிறது.

அந்த ஐஎஸ்எல் ஸ்ட்ரைக்கர் விஷயத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பலரும் இதைத் தப்பாகப் புரிந்துகொள்வதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வேறு கிளப்பில் ஒப்பந்தத்தில் இருக்கும் தொழில்முறை வீரரோடு நீங்கள் ஒப்பந்தம் போடக்கூடாது. ஆனால் அவருடைய ஒப்பந்தம் முடிய ஆறு மாதமோ அதற்குக் குறைவோ இருந்தால் போடலாம். இந்த ஆறு மாதத்தை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும், லீக்கின் கடைசி ஆட்டத்திலிருந்து அல்ல. மே 31இல் முடிகிறது என்றால் டிசம்பரிலிருந்து. "சீசன் முடிஞ்சிடுச்சு, அவர் ஃப்ரீ" என்று ஏஜெண்ட் சொல்வது ஒப்பந்தத்தைப் பார்க்காமல் செல்லாது. பேச்சு தொடங்கும் முன்பே இப்போதைய கிளப்புக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், வாட்ஸ்அப் செய்தி போதாது. கையெழுத்தானாலும் பழைய ஒப்பந்தம் முடியும்வரை அவர் உங்களுக்கு ஆட முடியாது, அவருடைய கிளப்பே விடுவித்தால் தவிர. இதே சென்னை சிட்டியில் நடந்ததைப் பாருங்கள். பட்டம் வென்ற அணியின் நெஸ்டர் கோர்டில்லோ, ஒப்பந்தம் மீதி இருக்கும்போதே வேறு கிளப்போடு கையெழுத்துப் போட்டதால் 2019இல் நான்கு மாதத் தடை வாங்கினார். அப்படிப்பட்டவரை நீங்கள் இழுத்தால் இழப்பீட்டுப் பொறுப்பு உங்கள் கிளப் மீதும் விழலாம்.

உங்கள் சொந்தப் பையன்கள் விஷயத்துக்கு வருவோம். எல்லைப் பகுதி கிளப்புகள் அதிகம் மாட்டுவது இதில்தான். பொழியூர் பக்கம் ஆடியபோது ஒரு பையனை வீட்டுப்பெயரோடு பதிவு செய்திருப்பார்கள். இங்கே அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டு, புதிய வீரர் என்று மறுபடி பதிவு செய்வார்கள். சம்மேளனம் வீரர்களைக் கணினியில் பதியும் சிஆர்எஸ் முறையில் ஒரே பையனுக்கு இரண்டு எண் விழுந்துவிடும். எதிரணி புகார் கொடுத்தால் அவன் ஆடிய ஆட்டத்தின் புள்ளிகளே போகலாம். பையன்களை உட்காரவைத்து ஆதார், பிறப்புச் சான்று, பழைய சிஆர்எஸ் எண் மூன்றையும் ஒன்றாக வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பழைய கிளப்பிலிருந்து என்ஓசியை (தடையில்லாச் சான்று) இப்போதே கேளுங்கள். மாநிலம் மாறும் கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகவே வாரக்கணக்கில் ஆகும். ஏன் ஆகிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. கணினியில் பதிவு வந்த பிறகும் சங்க அலுவலகத்துக்கு நேரில் போய் நிற்க வேண்டியிருப்பது எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

மேலே நடக்கும் குழப்பத்துக்கும் இடம் விட்டு ஒப்பந்தம் எழுதுங்கள். 2022 ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. கோகுலம் கேரளா பெண்கள் அணி ஆசிய கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தான் போய் இறங்கியபிறகு ஆட முடியாமல் திரும்பியது. அந்தப் பெண்கள் என்ன தப்பு செய்தார்கள்? 2025இல் ஐஎஸ்எல்லே குறித்த காலத்தில் தொடங்கவில்லை. அதனால் சம்பளத்தைக் காலண்டர் மாதத்தோடு கட்டாமல், லீக் தொடங்கும் தேதியிலிருந்து ஆறு மாதம் என்று எழுதுங்கள். லீக் தள்ளிப்போனால் பயிற்சிக் காலத்துக்கு என்ன கொடுப்பீர்கள் என்பதையும் அதிலேயே தமிழிலும் எழுதி, பையனின் அப்பாவையோ அம்மாவையோ படிக்கச் சொல்லுங்கள்.

ஏஜெண்டுக்கு இன்று ஒரே ஒரு கடிதம் போதும். உங்கள் லைசென்ஸ் எண், அந்த ஸ்ட்ரைக்கரின் சிஆர்எஸ் எண், அவருடைய கடைசி ஒப்பந்தத்தின் நகல், இந்த மூன்றும் வேண்டும் என்று எழுதுங்கள். வந்தால் ஸ்ட்ரைக்கரை மட்டும் தனியாக டிரையலுக்குக் கூப்பிட்டு, 90 நிமிடம் ஆடவைத்துப் பாருங்கள். மற்ற மூவரைப் பற்றிய பேச்சு, லீக் விதிப்புத்தகம் உங்கள் கைக்கு வந்த பிறகு.