கலிங்கு தாங்காத மழை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஏரலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழை விவசாயம் செய்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தைக் காலநிலை மாற்றத்தோடு சேர்த்து எழுதியிருந்தீர்கள். 1992இலும் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது. அப்போது இந்தப் பேச்சே இல்லையே? குளங்களைத் தூர்வாராததையும் வாய்க்காலில் கட்டடம் கட்டியதையும் மறைக்கக் கிடைத்த சாக்காகத்தான் எனக்குப் படுகிறது. உண்மையாகவே இருந்தாலும், அமெரிக்காவும் சீனாவும் விடும் புகைக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்? பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. தூர்ந்த குளத்துக்கும் அடைபட்ட வாய்க்காலுக்கும் வானத்தைக் காரணம் காட்டி யாரும் தப்பிக்கக் கூடாது. ஆனால் அந்தக் கோபத்தில், மழையே மாறவில்லை என்று சொல்லிவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

1992இல் பெருமழை மலைமேல் கொட்டியது, வெள்ளம் ஆற்றோடு வந்தது. 2023இல் மார்கழி பிறந்த வேளையில் அணைகளுக்கெல்லாம் கீழே, கடலோரச் சமவெளியிலேயே கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைப்பதைவிட அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது உங்களுக்குத் தெரியும்.

அந்த மழைக்குக் காலநிலை மாற்றம் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். குமரிக்கடல் பக்கம் ஒரு காற்றுச் சுழற்சி இருந்தது, அது எந்தக் காலத்திலும் வரக்கூடியது. மாறியிருப்பது அந்தச் சுழற்சிக்குக் கிடைக்கும் ஈரம். காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை சராசரியாக 1 டிகிரி சூடானது என்று மத்திய புவி அறிவியல் அமைச்சகமே 2020இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

ஏழு சதவீதம்தானே என்று நினைக்காதீர்கள். குளத்தங்கரையில் வளர்ந்த உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். தண்ணீர் கரைக்கு ஒரு சாண் கீழே நிற்கும்வரை ஊர் தூங்கலாம். அதற்கு மேல் ஏறிக் கரையைத் தாண்டி வழிய ஆரம்பித்தால் மண்கரை அரித்துக்கொண்டு போய்விடும், உடைப்பெடுத்த தண்ணீர் அடுத்த குளத்தில் போய் விழும். அபாயம் முழுவதும் அந்தக் கடைசிச் சாணில் இருக்கிறது. கூடுதல் மழை போய்ச் சேருவதும் அங்கேதான்.

சூரியனால்கூடச் சூடாகலாமே என்று சிலர் கேட்பார்கள். சூரியன் காரணமென்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாக வேண்டும். அளந்து பார்த்தால் கீழடுக்கு சூடாகிறது, மேலடுக்கு குளிர்கிறது. கரியமில வாயு வெப்பத்தைக் கீழே பிடித்துவைத்தால்தான் இப்படி ஆகும். நிலக்கரியும் எண்ணெயும் பெரிய அளவில் எரிக்கத் தொடங்குவதற்கு முன் காற்றில் அந்த வாயு பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

சரி, என்ன செய்வது? தூர்வாருவது அவசியம்தான், ஆனால் அது மட்டும் போதாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிவிட்ட குளத்தை எவ்வளவு ஆழமாகத் தூர்வாரியிருந்தாலும் மார்கழி மழைக்கு அதில் இடமிருக்காது. வந்த தண்ணீர் பத்திரமாக வெளியேற வேண்டும். குளம் நிரம்பினால் உபரி நீர் வழிந்து வெளியேறக் கரையில் கட்டிய நம் கலிங்குகள் பழைய மழைக் கணக்குக்குக் கட்டியவை. அவற்றை அகலப்படுத்த வேண்டும், அந்த உபரி நீர் ஓடும் மறுகால் ஓடைகளில் சீமைக்கருவேலத்தை வெட்டி, ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும். எந்தக் குளம் உடைந்தால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்ற வரைபடம் ஊர்தோறும் இருக்க வேண்டும். இதெல்லாம் பொதுப்பணமும் அரசாணையும் வேண்டிய காரியங்கள். காலநிலை மாற்றத்தை ஏற்றுக்கொண்டால் அதிகாரிகளின் பொறுப்பு கூடுகிறது, குறைவதில்லை. ‘இது வரலாறு காணாத மழை’ என்று இனி யாரும் கைவிரிக்க முடியாது.

புகை விஷயத்திலும் உங்கள் கேள்வி சரியானதே. ஓர் அமெரிக்கர் வருடத்துக்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார், ஓர் இந்தியர் சுமார் 2 டன். பெரும்பங்கு அவர்கள் குறைக்க வேண்டியது, அதை விட்டுக்கொடுக்காமல் கேட்க வேண்டும். அதற்காக நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. தூத்துக்குடியில் நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கிறோம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுழல்கின்றன. காற்று ஓய்ந்திருக்கும் மாதங்களுக்குச் சூரிய மின்சாரத்தையும் சேமிப்புக் கலன்களையும் பெருக்கினால் நிலக்கரியைப் படிப்படியாகக் குறைக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மார்ச் 22, உலக நீர் நாளில் கிராம சபை கூடும். உங்கள் குளத்தின் கலிங்கு எத்தனை செ.மீ. மழைக்குக் கணக்கிட்டுக் கட்டப்பட்டது என்று அங்கே எழுத்தில் கேளுங்கள், பதிலைத் தீர்மானத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள். என்ன பதில் வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்